லாரி ஊரிலிருந்து ஆளில்லா ரயிலைப் பற்றிச் சில குறிப்புகள்

பூந்தமல்லி பணிமனைக்கு 2024 அக்டோபரில் வந்து சேர்ந்த மூன்று பெட்டி மெட்ரோ ரயில்தான் ஆளில்லாமல் ஓடுவதற்கென்று தமிழ்நாட்டுக்கு வந்த முதல் வண்டி. ஆந்திர எல்லையை ஒட்டிய ஸ்ரீசிட்டியில், அல்ஸ்டாம் ஆலையில் கட்டியது. இதே மாதிரி மொத்தம் 36 ரயில்கள். ஒப்பந்தத் தொகை 1,215.92 கோடி ரூபாய். 2025 மார்ச்சில் பூந்தமல்லிக்கும் முல்லைத்தோட்டத்துக்கும் இடையே மேம்பாதையில் சோதனை ஓட்டம் நடந்தது. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், மூன்று வழித்தடங்கள், 63,246 கோடி ரூபாய். அதில் கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரும் 26.1 கிலோமீட்டர் தடத்துக்காக இந்த வண்டிகள் வருகின்றன. பெமல் நிறுவனத்துக்கு 2024 நவம்பரில் இன்னும் 210 பெட்டிகளுக்கான ஒப்பந்தம் போயிருக்கிறது.

எண்களை முதலில் எழுதி வைத்துவிட்டேன். மற்றவை நாமக்கல்லில் இருந்துகொண்டு இதையெல்லாம் படிக்கும்போது தோன்றியவை.

*

சேலம், சங்ககிரி, திருச்செங்கோடு, ராசிபுரம், நாமக்கல். இந்தச் சமவெளி ஸ்டியரிங்கை நம்பிப் பிழைத்த பூமி. மழை பொய்த்த காட்டை அடமானம் வைத்து லாரி வாங்கியவர்கள் இங்கே உண்டு. கிளீனராகப் போய், டிரைவராகி, தவணையில் ஒரு பழைய வண்டி எடுத்து, பிறகு நாலு வண்டிக்கு முதலாளியானவர்களும் உண்டு. நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறைகள், சங்ககிரியில் லாரிக்காரர்கள், திருச்செங்கோட்டில் போர் போடும் ரிக் வண்டிகள். இங்கிருந்து போன ரிக் வண்டி வட மாநிலங்களைத் தாண்டி ஆப்பிரிக்கா வரை கப்பலேறியிருக்கிறது. எரிவாயு டேங்கர் லாரிகளுக்கும் முட்டை வண்டிகளுக்கும் இதுதான் தாய் ஊர். யார் வீட்டில் பெண் கேட்டுப் போனாலும் ஒரு அண்ணனோ மாமனோ அந்த நேரத்தில் லோடோடு மகாராஷ்டிரத்திலோ ஒடிசாவிலோ இருப்பார்.

அப்படிப்பட்ட ஊரில் "டிரைவர் இல்லாத ரயில்" என்ற செய்தி சென்னையில் விழுவது போல விழாது.

*

எங்கள் மாமா நெடுங்காலம் லைன் வண்டி ஓட்டியவர். இப்போது வீட்டில் இருக்கிறார். பேப்பரில் படத்தைக் காட்டினேன்.

"ஏங்கண்ணு, டிரைவரே கிடையாதாமா? குறுக்க மாடு வந்தா யாரு பிரேக் புடிக்கறது?"

"மாடு வராதுங்க மாமா. தூண் மேல போற பாதைங்க. ரெண்டு பக்கமும் அடைச்சிருக்கும்."

கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாடு வராத ரோடு எங்களுக்கும் குடுத்திருந்தா எத்தன பேரு ஊடு வந்து சேந்திருப்பாங்க, சாமி."

*

மாமா சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. ஆளில்லா ரயிலின் பாதி வேலையைப் பாதையே செய்துவிடுகிறது. ஜப்பானின் கோபே நகரில் 1981இல் ஓடத் தொடங்கிய போர்ட் லைனர், கடலைத் தூர்த்து உண்டாக்கிய தீவுக்குப் போகும் மேம்பாதை வண்டி. பிரான்சின் லீல் நகரில் 1983இல் வந்தது சுரங்கத்திலும் மேம்பாதையிலும் ஓடுவது. இரண்டிலுமே வேறு வண்டியோ ஆளோ ஆடுமாடோ குறுக்கே வர வழியில்லை. பாரிஸின் 14ஆம் தடம் 1998இல் திறந்தபோது நடைமேடை முழுக்கக் கண்ணாடிக் கதவு வைத்தார்கள். ஓட்டுநர் இருந்தால், தண்டவாளத்தில் யாராவது விழுந்தால் கண்டு பிரேக் போட ஒரு வாய்ப்பாவது இருக்கும். ஆளில்லா வண்டிக்கு அந்தக் கண் இல்லாததால் யாரும் விழவே முடியாதபடி செய்துவிடுகிறார்கள். சென்னை இரண்டாம் கட்டத்தின் மேம்பாதை நிலையங்களிலும் இடுப்புயரக் கதவுகளுக்குத் திட்டம் இருக்கிறது. இது போதாதென்று வண்டியின் முன் சக்கரங்களுக்கு முன்னால், தண்டவாளத்துக்குச் சற்று மேலே, தடையை உணரும் கருவி ஒன்று உண்டு. எதன் மீதாவது அது மோதினால் அவசர பிரேக் விழும்.

நம் 44ஆம் எண் நெடுஞ்சாலையை நினைத்துப் பாருங்கள். எதிர்த்திசையில் வரும் டிராக்டர், நடுத்தடுப்பில் வெட்டிவிட்ட சந்து வழியாகக் கடக்கும் பைக், பின்விளக்கு இல்லாமல் ஓரத்தில் நிற்கும் பழுதான டிப்பர். ஆளில்லா லாரி வந்து பிழைப்பைப் பறித்துவிடுமா என்று இங்கே சில இளைஞர்கள் கேட்கிறார்கள். இந்த ரோடு இப்படி இருக்கிறவரை அது நடக்காது என்றே நினைக்கிறேன். கவலைப்பட வேண்டிய இடம் வேறு.

*

தானியங்கி ரயிலுக்கு உலகம் முழுக்கப் படிக்கணக்கு ஒன்றுதான்.

அடிப்படி, பூஜ்யம்: எல்லாமே ஓட்டுநரின் கண்ணும் கையும். முதல் படி: ஓட்டுவது ஓட்டுநர்தான், ஆனால் சிவப்பு விளக்கைத் தாண்டினாலோ வேகம் மீறினாலோ கருவி குறுக்கிட்டு வண்டியை நிறுத்தும். இரண்டாம் படி: வேகமெடுப்பதும் நிற்பதும் கருவியின் வேலை, ஓட்டுநர் கதவை மூடி, பார்த்து, பொத்தானை அழுத்துவார். லண்டனின் விக்டோரியா தடம் 1968இலேயே இப்படி ஓடியது. சென்னையில் 2015 ஜூன் 29 அன்று ஆலந்தூருக்கும் கோயம்பேடுக்கும் இடையே ஓடத் தொடங்கிய முதல் கட்ட ரயில்களும் இந்தப் படிதான். (முதல் நாள் வண்டியை ஓட்டியது ஓர் இளம்பெண்.) மூன்றாம் படியில் முன்னிருக்கையில் யாரும் இல்லை, உதவியாளர் ஒருவர் வண்டிக்குள் இருப்பார். நான்காம் படியில் பணியாளர் எவரும் வண்டியில் இல்லை. பூந்தமல்லி வண்டி நான்காம் படிக்காகக் கட்டப்பட்டது.

தில்லி மெட்ரோவின் மெஜந்தா தடத்தில் 2020 டிசம்பர் 28 அன்று இந்தியாவின் முதல் ஆளில்லா ஓட்டம் தொடங்கியது. அதற்காக மெட்ரோ ரயில் பொது விதிகளையே மாற்ற வேண்டியிருந்தது. வண்டியில் ஓட்டுநர் இருந்தாக வேண்டும் என்று பழைய விதி சொன்னது. அனுமதி வந்த பிறகும் அங்கே உதவியாளர்கள் கொஞ்ச காலம் வண்டியிலேயே இருந்தார்கள். பயணிகளுக்குத் தைரியம் வர வேண்டுமே.

செய்தித்தாள்கள் நான்காம் படியைப் பற்றித்தான் எழுதுகின்றன. எனக்கு முதல் படிதான் பெரிதாகப் படுகிறது. அங்கே ஓட்டுநரை யாரும் இறக்கிவிடவில்லை. அவருக்குக் காவல் வைத்தார்கள். மனிதன் அசருவான், கண் மயங்கும், கவனம் சிதறும், அதற்காக அவனும் அவனை நம்பி ஏறியவர்களும் சாகக் கூடாது என்று ஒப்புக்கொண்ட படி அது. ரயில் உலகம் அந்தப் படியை ரத்தம் கொடுத்துத்தான் ஏறியது. 1889இல் அயர்லாந்தின் ஆர்மா ஊர் அருகே, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிய சுற்றுலா ரயிலின் கழற்றிவிட்ட பெட்டிகள் இறக்கத்தில் பின்னோக்கி ஓடி இன்னொரு ரயிலில் மோதின. ஏறக்குறைய 80 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு பிரிட்டனில் சட்டம் வந்தது: பயணிகள் ரயிலின் எல்லாப் பெட்டிகளிலும் தானாகப் பிடிக்கும் பிரேக் கட்டாயம். குழாயில் காற்றழுத்தம் குறைந்தால், பெட்டி அறுந்து போனால், பிரேக் தானே விழும். யாரும் இழுக்க வேண்டியதில்லை.

லாரி ஓட்டுகிறவருக்கு முதல் படி இன்னும் வரவில்லை. இந்தக் குறிப்புகளை எழுதத் தூண்டியதே அதுதான்.

*

ரயில் தன் இடத்தை எப்படி அறிகிறது என்று படித்துக்கொண்டிருந்தேன். அழகான வேலை.

சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பதை வைத்து வண்டி தூரத்தைக் கணக்கிடுகிறது. மழையில் சக்கரம் வழுக்கினால் கணக்கு பிசகும். அதற்காகத் தண்டவாளங்களுக்கு நடுவே அங்கங்கே அடையாளப் பெட்டிகள் பதித்திருக்கிறார்கள். அதன் மேல் போகும்போது "நீ இந்த இடத்தில் இருக்கிறாய்" என்ற தகவல் கிடைக்கும், வண்டி தன் கணக்கைத் திருத்திக்கொள்ளும். தன் இடத்தையும் வேகத்தையும் ரேடியோ வழியாகத் தடத்தோரக் கணினிக்கு ஓயாமல் சொல்லிக்கொண்டே போகும். அந்தக் கணினி முன்னால் போகும் ரயிலின் வால் எங்கே இருக்கிறது என்று பார்த்து, "இதுவரை நீ வரலாம்" என்று எல்லை வகுத்துத் தரும். முன்வண்டி நகர நகர எல்லையும் நகரும். பழைய முறையில் இரண்டு சிக்னல்களுக்கு நடுவே ஒரே ரயில்தான் இருக்கலாம். இந்த முறையில் நிற்பதற்கு வேண்டிய தூரத்தை மட்டும் விட்டுவிட்டு ஒன்றன்பின் ஒன்றாக வண்டி விட முடிகிறது.

இத்தனைக்கும் அடியில் இருப்பது ஒரே விதி: தெரியாவிட்டால் நில். ரேடியோ பேச்சு அறுந்தால் நிற்கும். இடம் பற்றிச் சந்தேகம் வந்தால் நிற்கும். கதவு பூட்டியதற்கான அடையாளம் வராவிட்டால் கிளம்பாது.

லாரிக்கு இதற்கு நேர் எதிரான விதி. பனிமூட்டத்தில் முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டாலும் போக வேண்டும். பிரேக்கில் காற்று இறங்குவது போலத் தோன்றினாலும் அடுத்த ஊர் வரை போய்ப் பார்க்க வேண்டும். விடியற்காலைக்குள் மண்டியில் காய்கறி இறங்க வேண்டும், முட்டை இறங்க வேண்டும். நின்றால் வாடகையில் பிடித்தம்.

*

சேலம் ஜங்ஷனில் வந்து நிற்கும் மின்சார எஞ்சின்களில் பல ஈரோடு லோகோ ஷெட்டைச் சேர்ந்தவை. அந்த எஞ்சின்களுக்குள் விழிப்புக் கருவி ஒன்று இருக்கிறது. லோகோ பைலட் ஏறத்தாழ ஒரு நிமிடம் எந்தக் கட்டுப்பாட்டையும் தொடாமல் இருந்தால் விளக்கு மினுக்கும். அதற்கும் அசையாவிட்டால் சத்தம் எழும். அப்போதும் பதில் இல்லையென்றால் பிரேக் விழுந்து ரயில் நின்றுவிடும். பக்கத்தில் உதவி லோகோ பைலட்டும் இருப்பார். வரும் சிக்னலை இருவரும் ஒருவருக்கொருவர் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள வேண்டும் என்பது நடைமுறை. இவ்வளவு இருந்தும் ஓய்வு நேரம் போதவில்லை, தொடர்ந்து இரவுப் பணி வருகிறது என்று லோகோ பைலட்டுகள் போராடிக்கொண்டிருக்கிறார்கள். போராடுவது நியாயம்.

நம் லாரியில் அந்த விழிப்புக் கருவியாக இருந்தவன் கிளீனர் பையன். பின்னால் பார்ப்பான், இடப்பக்கம் வண்டி வந்தால் கதவைத் தட்டுவான், இரவில் பேச்சுக் கொடுப்பான், டிரைவர் கண் சொருகினால் தோளை உலுக்குவான். டீசல் விலையும் சுங்கக் கட்டணமும் ஏற ஏற, மிச்சம் பிடிக்க முதலில் கைவைத்தது அவன் சம்பளத்தில்தான். இப்போது பல வண்டிகள் ஒற்றை ஆளோடு போகின்றன. கிளீனர் வேலைதான் டிரைவர் ஆவதற்குப் பள்ளிக்கூடம். அந்தப் பள்ளியை மூடிவிட்டு, நல்ல டிரைவர் கிடைப்பதில்லை என்று சொன்னால் எப்படி.

*

தொப்பூர் கணவாய்.

தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் அந்தச் சரிவில் லாரிகள் கட்டுப்பாடு இழந்து முன்னால் போகும் வண்டிகள் மேல் ஏறிய விபத்துகள் எத்தனையோ. காரணங்களில் ஒன்று எல்லோருக்கும் தெரியும்: டீசல் மிச்சம் என்று கியரை நியூட்ரலில் போட்டு இறக்குவது. எஞ்சின் வண்டியைப் பிடிக்காது. முழுப் பாரமும் பிரேக் டிரம் மேல் விழும். டிரம் காய்ந்து லைனிங் பிடிமானம் இழக்கும். கடைசி வளைவில் பெடல் அழுத்தினாலும் வண்டி கேட்காது.

இதில் வேதனை என்னவென்றால், அப்படி இறக்குவதில் டீசல் மிச்சமும் இல்லை. மின்னணு முறையில் டீசல் செலுத்தும் இன்றைய எஞ்சின்களில், கியரில் வைத்து ஆக்சிலேட்டரை விட்டு இறங்கினால் டீசல் போவதே நின்றுவிடுகிறது. சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் போட்டால்தான் எஞ்சின் அணையாமல் இருக்க டீசல் குடிக்கும். இதை ஒவ்வொரு புக்கிங் ஆபீஸ் சுவரிலும் எழுதி வைக்க வேண்டும்.

மெட்ரோ ரயில் நிற்கும்போது என்ன நடக்கிறது என்பதை இதோடு சேர்த்துப் படிக்கலாம். ஓட்டிய மோட்டாரே அப்போது மின்சாரம் உண்டாக்கும் ஜெனரேட்டராக மாறுகிறது. வண்டியின் வேகம் மின்சாரமாகி மேலே ஓடும் 25,000 வோல்ட் கம்பிக்குத் திரும்பிப் போகிறது. பக்கத்தில் புறப்படும் இன்னொரு ரயில் அதை எடுத்துக்கொள்ளும். தேய்ந்து சூடாகும் பிரேக் கடைசி நேரத்துக்கும் அவசரத்துக்கும்தான். இறங்கும் வேகத்தை எஞ்சினிடம் ஒப்படைப்பது என்ற அதே பாடம், அங்கே கணினிக்குள் எழுதப்பட்டிருக்கிறது. இங்கே அது ஓட்டுநரின் ஞானத்தையும் முதலாளியின் டீசல் கணக்கையும் பொறுத்தது.

*

கோலாலம்பூரின் கிளானா ஜெயா தடம் 1998இலிருந்து ஆளில்லாமல் ஓடுகிறது. தமிழர்கள் நிறைந்த பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கத்திலுள்ள கேஎல் சென்ட்ரல் வழியாகப் போகும் தடம் அது. 2021 மே 24 இரவு, இரட்டைக் கோபுரத்தின் அடியிலுள்ள கேஎல்சிசி நிலையத்தருகே சுரங்கத்தில் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதின. 200க்கும் மேற்பட்டோர் காயம். ஒன்று பயணிகளோடு தானாக ஓடிக்கொண்டிருந்த வண்டி. மற்றொன்று கோளாறாகி, ஒருவர் கையால் ஓட்டிக்கொண்டு போன காலி வண்டி.

யோகோஹாமாவில் 2019 ஜூன் 1 அன்று ஆளில்லா ரயில் முனைய நிலையத்தில் புறப்படும்போது எதிர்த்திசையில் ஓடித் தடுப்பில் இடித்தது. திசையைச் சொல்லும் கம்பி ஒன்று அறுந்திருந்தது. தில்லியில் மெஜந்தா தடம் திறப்பதற்குச் சில நாள் முன்பு, 2017 டிசம்பரில், காளிந்தி குஞ்ச் பணிமனையில் பிரேக்கைச் சரிபார்க்காமல் நகர்த்திய வண்டி சுவரை இடித்துக்கொண்டு வெளியே வந்தது.

இவை மூன்றையும் அடுத்தடுத்து எழுதிப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. ஆளை வண்டியிலிருந்து எடுத்தாலும் ஆள் போய்விடவில்லை. பணிமனைக்குப் போயிருக்கிறார், கட்டுப்பாட்டு அறைக்குப் போயிருக்கிறார், நடுநிசியில் கம்பி இணைக்கும் கைகளுக்குள் போயிருக்கிறார். 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாஹானகா பஜாரில் விபத்துக்குள்ளான, சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்குச் சிக்னல் பச்சைதான் காட்டியது. லோகோ பைலட் தவறேதும் செய்யவில்லை. ரயில்வே கேட் அருகே சிக்னல் பெட்டிக்குள் இணைப்பு மாற்றிய வேலையில் பிழை இருந்ததென்று பாதுகாப்பு ஆணையரின் விசாரணை சொன்னது. 290 பேருக்கு மேல் போய்விட்டார்கள்.

ஓட்டுநரின் தூக்கத்தைப் பற்றி நாம் பேசுகிறோம். இரவு ஒரு மணிக்கும் நாலு மணிக்கும் நடுவே, ரயில் ஓடாத அந்தக் கொஞ்ச நேரத்துக்குள், தண்டவாளத்தையும் கம்பியையும் சரிபார்த்து முடித்தாக வேண்டிய ஒப்பந்தத் தொழிலாளியின் தூக்கத்தைப் பற்றி யார் பேசுகிறார்கள்? ஆளில்லா ரயில் வரும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்விகளில் இதுவும் ஒன்று என்று எனக்குப் படுகிறது: பராமரிப்பில் எத்தனை பேர், நிரந்தரமா ஒப்பந்தமா, எத்தனை மணி நேர வேலை.

*

சிங்கப்பூரின் வடகிழக்குத் தடம் 2003 ஜூன் 20 அன்று திறந்தது. முழுக்கச் சுரங்கத்திலேயே ஆளில்லாமல் ஓடும் பெரிய மெட்ரோக்களில் உலகுக்கு முன்னோடி. லிட்டில் இந்தியா நிலையம் அந்தத் தடத்தில் இருக்கிறது; பெயர்ப்பலகையில் தமிழ் இருக்கிறது. தீபாவளிக்குச் சேலை எடுக்க சிராங்கூன் சாலைக்கு அந்த ரயிலில் போய்வந்த தலைமுறைக்கு, வண்டியின் முன்னால் யார் இருக்கிறார்கள் என்ற யோசனையே வந்திருக்காது.

துபாயிலும் அப்படித்தான். 2009 செப்டம்பர் 9இலிருந்து அங்கே மெட்ரோவுக்கு ஓட்டுநர் கிடையாது. நம் பக்கத்திலிருந்து அங்கே வண்டி ஓட்டப் போன பையன்கள், வேலைக்கு ஆளில்லா ரயிலில் போய் இறங்கி, லாரி ஸ்டியரிங்கைப் பிடிக்கிறார்கள்.

*

வேலை போகுமா என்ற கேள்விக்குப் பாரிஸின் 1ஆம் தடம் ஒரு நல்ல எடுத்துக்காட்டு. 1900இல் திறந்த, நகரின் மிகப் பழைய மெட்ரோ தடம். பயணத்தைப் பெரிதாக நிறுத்தாமலேயே 2012 இறுதிக்குள் முழுக்க ஆளில்லாத் தடமாக மாற்றினார்கள். தொழிற்சங்கங்களோடு முன்பே உட்கார்ந்து பேசி, ஓட்டுநர்களை வேறு தடங்களுக்கும் மேற்பார்வைப் பணிகளுக்கும் மாற்றினார்கள். புதிதாகத் தொடங்கும் தடத்தில் யாருக்கும் வேலை போவதில்லை, வரவிருந்த வேலை வராமல் போகிறது. அதை எதிர்த்து யாரும் கொடி பிடிக்க மாட்டார்கள். அதனாலேயே அரசு தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும்: 118.9 கிலோமீட்டர் தடத்தில் ஓட்டுநர் பணி இல்லையென்றால், டிப்ளமோ முடித்த பிள்ளைகளுக்கு அங்கே என்ன பணி, என்ன சம்பளம்? சென்னை மெட்ரோவின் முதல் கட்டத்தில் ரயில் ஓட்ட வந்த பெண்கள் பலர் அப்படிப் படித்து வந்தவர்கள். அந்தக் கதவு வேறு பெயரிலாவது திறந்திருக்க வேண்டும்.

*

நமக்கு மெட்ரோ வருமா? 2017ஆம் ஆண்டின் மெட்ரோ ரயில் கொள்கை 20 லட்சம் மக்கள்தொகையை அளவாக வைக்கிறது. சேலம் மாநகராட்சி 2011 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 8.3 லட்சம். நாமக்கல்லைப் பற்றிப் பேச்சே இல்லை. சேலம்–நாமக்கல்–கரூர் ரயில் பாதையே 2013இல்தான் வந்தது.

ஆனால் 2025இல் மாநில அரசு கோவை–திருப்பூர்–ஈரோடு–சேலம் 185 கிலோமீட்டருக்கு, மணிக்கு 160 கிலோமீட்டர் வேக ரயிலுக்கான ஆய்வை அறிவித்தது. தில்லி–மீரட் தடத்தில் ஓடும் நமோ பாரத் ரயிலின் மாதிரி. அந்த ரயிலில் ஓட்டுநர் இருக்கிறார், அவருக்குப் பின்னால் தானியங்கிக் காவலும் இருக்கிறது. எனக்கு அந்த ஏற்பாடு பிடிக்கிறது. ஈரோட்டுச் சந்தைக்கும் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் தினமும் பஸ்ஸில் நெருக்கியடித்துப் போகிறவர்களுக்கு, ஓட்டுநர் இருந்தாரா இல்லையா என்பதைவிட ரயில் வந்ததா என்பதுதான் பெரிது.

*

1961இல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் எழுதி வைத்தது: நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, அரை மணி நேரமாவது ஓய்வு வேண்டும். நீண்ட தூர வண்டிகளுக்குக் கொஞ்சம் தளர்வு. ஆனால் ஐந்து பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்துக்கு அது பொருந்தவில்லை. நம் ஊரில் ஒரு வண்டி, இரண்டு வண்டி வைத்திருப்பவர்களே அதிகம். சட்டம் யாருக்காக எழுதப்பட்டதோ அவர்களில் பாதிப்பேர் வெளியே நின்றுவிட்டார்கள்.

கருவி விஷயத்தில் கொஞ்சம் நகர்ந்திருக்கிறோம். 2015 அக்டோபர் முதல் தயாரான சரக்கு வண்டிகளுக்கு 80 கிலோமீட்டர் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி வந்தது. (பூந்தமல்லி ரயிலின் ஓட்ட வேகமும் அதே 80தான்.) 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம். மே மாத நாக்பூர் வெயிலில் எஞ்சின் சூட்டோடு உட்கார்ந்து ஓட்டியவர்களைக் கேட்டால் தெரியும், இது சொகுசு இல்லை. 2025இல் மத்திய அரசு வரைவு விதி ஒன்றையும் வெளியிட்டது: பேருந்துகளுக்கும் லாரிகளுக்கும், எதிரே தடை தெரிந்தால் தானாகவே விழும் பிரேக், ஓட்டுநரின் தூக்கக் கலக்கத்தை உணர்ந்து எச்சரிக்கும் கருவி, தடம் விலகினால் எச்சரிக்கை. படிக்கணக்கில் சொன்னால் லாரிக்கும் முதல் படி வருகிறது.

விதி புதிய வண்டிகளுக்கு. நம் பட்டறைகளில் பாடி மாற்றி, எஞ்சின் இறக்கி ஏற்றி, இன்னும் பல வருடம் ஓடப் போகும் பழைய வண்டிகளுக்கு? அவற்றை ஓட்டப் போகிறவர் வயதான டிரைவராகவோ, புது வண்டி கிடைக்காத சின்னப் பையனாகவோதான் இருப்பார். பாடி கட்டத் தெரிந்த ஊருக்குக் கேமராவும் எச்சரிக்கைக் கருவியும் பொருத்தத் தெரியாதா? வங்கிக் கடனில் அதற்கு இடம் உண்டா, இன்சூரன்ஸில் தள்ளுபடி கிடைக்குமா, திருச்செங்கோட்டிலும் சங்ககிரியிலும் இருக்கும் பாலிடெக்னிக் பிள்ளைகளுக்கு இதில் பயிற்சி கொடுக்கலாமா? அடுத்த மாதம் லாரி உரிமையாளர் சங்கக் கூட்டத்துக்கு மாமாவோடு போகிறேன். இந்த மூன்று கேள்விகளையும் எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார், படிப்பது அவர்.